ராஜாபாய் மணிக்கூண்டு மரப்பலகை மாடல்: வீட்டில் மூன்று மாதம் ஓடிய பிறகு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். கொடுத்த காசுக்கு மரவேலை நன்றாகவே இருக்கிறது. ஆனால் உள்ளே வைத்து அனுப்புகிற மணியோசை போர்டில் ஒரு விஷயம் இருக்கிறது, அதைச் சரி செய்யாமல் வைத்தால் பாதி நாள் வாயே திறக்காது. விற்றவர்கள் அதைச் சொல்லவில்லை, கூட வந்த தாளிலும் இல்லை, நான் பதினோரு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தேன். அதை நாலு பேருக்குச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எனக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டையில் சின்னதாக ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறை, வீட்டோடு சேர்ந்தது. மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவள்தான் இந்த மாடலை ஆன்லைனில் பார்த்து, "அப்பா, நீங்க பம்பாய்ல பார்த்தேன்னு சொல்லுவீங்களே அந்த டவர்" என்று ஆர்டர் போட்டாள். 3,200 ரூபாய், கூரியர் தனி. மும்பைப் பல்கலைக்கழகத்தின் கோட்டை வளாகத்தில், ஓவல் மைதானத்துக்கு எதிரே நிற்கிற ராஜாபாய் மணிக்கூண்டு அது. எம்.டி.எஃப் பலகையில் லேசரால் வெட்டிய 286 துண்டுகள், ஒரு சுவர்க்கடிகார மெஷின், மணியடிக்க ஒரு போர்டு, சின்ன ஸ்பீக்கர், ஜன்னலுக்கு ஒட்டக் கலர் பிளாஸ்டிக் தாள், இவ்வளவும் ஒரு அட்டைப்பெட்டியில் வரும். பசை வராது. சாதாரண ஃபெவிகால் போதும்.

அந்தக் கோபுரத்தை நான் நேரில் பார்த்தது 2006இல். அப்பாவோடு பம்பாய் நகைக்கடை வீதியான ஜவேரி பஜாருக்குச் சரக்குக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் ஊரிலிருந்து குர்லா எக்ஸ்பிரஸ் பிடித்தால் மறுநாள் அங்கே. மடியில் சரக்குப் பையை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க அப்பா தூங்கவே மாட்டார். சரக்கை ஒப்படைத்த பிறகுதான் அவருக்கு மூச்சே வரும். அன்றைக்கும் அப்படித்தான், கொடுத்துவிட்டுச் சும்மா நடந்து போனோம். மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், வரிசையாகப் பனை மாதிரி மரங்கள், அதற்கு மேலே சந்தன நிறத்தில் இது. மணி அடித்ததும் அப்பா நின்று, கையில் கட்டியிருந்த எச்.எம்.டி. வாட்சைப் பார்த்து முள்ளைத் திருத்திக்கொண்டார். மேலே ஏற முடியுமா என்று வாசலில் கேட்டோம், விடுவதில்லை என்றார்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அதன் கதையை எங்களுக்குச் சொன்னவர், சரக்கு வாங்கிய சேட்டு. ஜைனர். சாயங்காலம் ஆறு மணி ஆனால் கல்லாவைப் பையனிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார், பொழுது சாய்ந்த பிறகு வாயில் எதுவும் வைக்க மாட்டார். அந்தக் கோபுரத்துக்குப் பணம் கொடுத்த பிரேம்சந்த் ராய்சந்தும் ஜைனர்தான், பருத்தி வியாபாரி, பங்குத் தரகர். பெற்ற தாயின் பெயரைத்தான் கோபுரத்துக்கு வைத்தார், ராஜாபாய். அந்தம்மாவுக்குப் பார்வை இல்லை. பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும், ஆனால் பொழுது எங்கே நிற்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது, ஒவ்வொரு நாளும் ஒருத்தரைக் கேட்க வேண்டும். மணியோசை கேட்டால் யாரையும் கேட்காமலே தெரிந்துகொள்வார் என்றுதான் மகன் கட்டிக் கொடுத்தார் என்று பம்பாயில் சொல்வார்கள். சேட்டு சொன்னபோது நல்ல கதை என்று கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். என் அம்மாவுக்கு அப்போது கண் நன்றாகத் தெரியும்.

இப்போது தெரியாது. கண் அழுத்த நோய், தாமதமாகத்தான் கவனித்தோம், நாலு வருஷமாக வெளிச்சம்கூடப் பிடிபடுவதில்லை. எங்கள் பட்டறையில் கண்ணி கோர்ப்பதில் அம்மாவை அடிக்க ஆளில்லை, நாற்பது வருஷம் கோர்த்தவர். அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு நாளைக்கு இருபது தடவை "மணி என்னாச்சு கண்ணு?" என்று கேட்பதும், நாங்கள் வேலை மும்முரத்தில் சில தடவை காதில் வாங்காமல் விடுவதும், பிறகு அவர் கேட்பதையே குறைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். மகள் மாடலை ஆர்டர் போட்டபோது இதை நினைத்துப் போட்டாளா என்று நான் கேட்கவில்லை.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

அளவு: பெட்டியில் 1க்கு 150 என்று போட்டிருக்கிறார்கள். நான் ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தேன், பட்டறைக்காரன் புத்தி. நிஜக் கோபுரம் 280 அடி, அதாவது சுமார் 85 மீட்டர். கட்டிய காலத்தில் பம்பாயிலேயே அதுதான் உயரம். தரையிலிருந்து முதல் மாடம் வரை 68 அடி, அதற்கு மேல் 118, உச்சிக் கூர் வரை இன்னொரு 94. மாடலில் இந்த மூன்றும் கிட்டத்தட்ட 14, 24, 19 சென்டிமீட்டர் வருகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக இருக்கும். மொத்தம் இரண்டு அடிக்குக் கொஞ்சம் குறைவு. கீழே சதுரமாக ஆரம்பித்து மேலே போகப்போக எண்கோணமாகத் திரும்புகிற இடத்தில் பலகையின் ஓரங்களைச் சாய்வாகத் தேய்த்துத்தான் ஒட்ட வேண்டும், நேராக ஒட்டினால் இடைவெளி விழும். தாளில் அதைச் சொல்லவில்லை. உப்புத்தாள் 220 நம்பர் வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு ஓரத்துக்கும் நாலு இழுப்பு போதும். அவசரப்பட்டு அதிகம் தேய்த்தால் திரும்பக் கிடைக்காது.

நிறம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நிஜக் கோபுரம் குர்லா கல்லில் கட்டியது, வெளிர் சந்தனம் மாதிரி ஒரு நிறம். (குர்லா எக்ஸ்பிரஸில் போய் இறங்கிய எங்களுக்கு அந்தப் பெயர் கேட்டதும் ஒரு சந்தோஷம்.) பெயின்ட் எதுவும் அடிக்காமலே இந்தப் பலகை அந்த நிறத்துக்குக் கிட்டே வந்துவிடுகிறது. லேசர் வெட்டிய ஓரம் மட்டும் கருகியிருக்கும், ஈரத்துணியால் துடைத்தால் கை கறுப்பாகும், ஓரம் மாறாது. நான் அப்படியே விட்டுவிட்டேன். கல்லும் கல்லும் சேருகிற கோடு மாதிரி தெரிகிறது, அழகாகத்தான் இருக்கிறது.

ஜன்னல் கண்ணாடிகள் சுமார். நிஜத்தில் அந்தக் கோபுரத்துக்குக் கீழே பல்கலைக்கழக நூலகம், அதன் வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள் பெயர்பெற்றவை, 2015இல் புதுப்பித்து முடித்தபோது கண்ணாடிகளையும் சேர்த்தே சீர் செய்தார்கள். மாடலில் பிரின்ட் போட்ட பிளாஸ்டிக் தாள். பின்னால் ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு வைத்தால் ராத்திரியில் பரவாயில்லை, பகலில் பிஸ்கட் கவர் மாதிரிதான் தெரியும்.

சிலைகள் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. கோபுரத்தின் மேல்பகுதியைச் சுற்றி 24 சிலைகள் இருக்கின்றன, சாமியும் இல்லை, ராஜாவும் இல்லை, மேற்கு இந்தியாவின் பலதரப்பட்ட சமூகத்து மக்கள், அவரவர் தலைப்பாகையோடும் உடையோடும். கோபுரத்தை வரைந்தவர் இங்கிலாந்துக்காரர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட், லண்டனில் உட்கார்ந்தபடியே வரைந்து அனுப்பினார், பம்பாய்க்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் இந்தச் சிலைகளுக்கு உரு கொடுத்தவர் இங்கேயே இருந்த முகுந்த் ராமச்சந்திரா என்கிற உதவிப் பொறியாளர். கை வேலை செய்கிறவனுக்கு இந்த மாதிரிப் பெயர்தான் முதலில் கண்ணில் படும். மாடலில் இந்த 24 பேரும் வெறும் கோடாக, பலகையில் கீறின நிழலாக நிற்கிறார்கள், ஒருத்தரையும் ஒருத்தரிடமிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. இந்த அளவில் ஒரு ஆள் ஒன்றரை சென்டிமீட்டர்கூட வராது, கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் தெருவில் அதைவிடச் சின்னதாக மயிலும் மாங்காயும் கொலுசில் வார்க்கிறார்கள். நான் பழைய வார்ப்பில் மிஞ்சிய வெள்ளித் துணுக்குகளை அரத்தால் ராவி, சாமணத்தால் பிடித்து, முன்பக்கத்துக்கு மட்டும் நாலு பேரை நிறுத்தியிருக்கிறேன். ஒரு தலைப்பாகைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இனி கடிகாரம். நிஜக் கோபுரத்தில் நாலு பக்கமும் முகம். மாடலில் முன்பக்கம் ஒன்றுதான் ஓடும், மற்ற மூன்றும் பத்து மணி பத்து நிமிஷம் என்று வரைந்த படம். சிலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். நான் சொல்ல மாட்டேன். உள்ளே அளந்து பார்த்தால் ஆறு சென்டிமீட்டர்தான் இடம், சாதாரண சுவர்க்கடிகார மெஷினே ஐந்தரைக்கு மேல் வந்துவிடுகிறது, ஒன்றை வைத்தால் இன்னொன்றுக்கு இடமில்லை. முள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று முகத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார்கள், அதையும் நான் பெரிதுபடுத்தவில்லை.

ஆனால் ஒட்டுகிற வரிசையில் பெரிய தப்பு. 14ஆவது படியில் பின்பக்கப் பலகையை ஒட்டிவிடச் சொல்கிறது தாள். ஒட்டினால் அவ்வளவுதான், பேட்டரி மாற்றக்கூடக் கை நுழையாது, நாலு மாதத்தில் கோபுரத்தை உடைக்க வேண்டியதுதான். அதை ஒட்டாதீர்கள். நான் பின்பலகையைக் கதவு மாதிரி செய்து, கொலுசுக்குப் போடுகிற கொக்கி ஒன்றையும் வளையம் ஒன்றையும் வைத்துப் பூட்டினேன். உங்களிடம் கொலுசுக் கொக்கி இல்லையென்றால் சின்னக் காந்தம் இரண்டு போதும்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமையில் எழுப்பி முடித்தோம், நானும் மகளும். முடிந்த அன்று அம்மா கையில் கொடுத்தோம். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து மேலே தடவிக்கொண்டே போனார், கண்ணியில் பிசிறு இருக்கிறதா என்று விரலால் பார்ப்பாரே, அதே மாதிரி. முகப்பு வளைவு, படி, மாடம், ஜன்னல் ஒவ்வொன்றாகக் கேட்டார், மகள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டாவது மாடத்தைச் சுற்றி ஒரு தடவை விரலை ஓட்டிவிட்டு, மறுபடியும் ஓட்டிவிட்டு, "இந்தப் பக்கம் ஒரு தூண் குறையுதே கண்ணு" என்றார். எண்ணிப் பார்த்தால் நிஜம். மூன்று பக்கமும் ஆறு தூண், பின்பக்கம் ஐந்து. ஐந்து வாரம் கண்ணை வைத்துக்கொண்டு ஒட்டிய எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம், அந்தத் துண்டு வரவே இல்லை. விற்பனையாளருக்கு வாட்ஸப்பில் படத்தோடு அனுப்பினேன். துண்டு தனியாகக் கிடைக்காது என்று பதில். மீதிப் பலகையில் நானே அறுத்து வைத்துவிட்டேன். பெட்டி வந்ததும் துண்டுகளை எண்ணிவிடுங்கள், ஒட்ட ஆரம்பித்த பிறகு கேட்டால் எந்தப் பேச்சும் எடுபடாது.

அன்றைக்குத்தான் ராஜாபாய் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டது ஒன்றுதான்: "அத்தனை உயரத்தை அந்தம்மா எப்படித் தொட்டுப் பார்த்திருக்க முடியும்?"

மணிக்கு வருகிறேன், வாங்குவதற்கு முன் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். போர்டு கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும். கால் மணிக்கு நாலு சுரம், அரை மணிக்கு எட்டு, முக்காலுக்குப் பன்னிரண்டு, முழு மணிக்குப் பதினாறு, அதற்குப் பிறகு எத்தனை மணியோ அத்தனை அடி. பழைய சுவர்க்கடிகாரம் இருந்த வீட்டுக்காரர்களுக்கு இந்த மெட்டு காதில் இருக்கும். லண்டன் பிக் பென் மெட்டு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், 1859இல் அங்கே வந்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் முதலில் இதை அமைத்தது 1793இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேவாலயமான கிரேட் செயின்ட் மேரீஸ் கோபுரத்துக்கு. ஒரு பல்கலைக்கழகக் கோபுரத்து மெட்டு இன்னொரு பல்கலைக்கழகக் கோபுரத்து மாடலில் அடிக்கிறது, பொருத்தம்தான். நிஜ ராஜாபாய் கோபுரத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் 16 மெட்டு இருந்தது, ஒரு நாளில் நாலு தடவை மாற்றி மாற்றி இசைக்கும்.

கண் தெரியாதவர்களுக்கு இந்த முறை எவ்வளவு உபயோகம் என்று யோசித்துப் பாருங்கள். மணியை மட்டும் அடித்தால் இடையில் இருக்கிற ஒரு மணி நேரமும் இருட்டு. இதில் சுரத்தின் நீளத்தை வைத்தே காலா, அரையா, முக்காலா என்று தெரிந்துவிடும், எண்ணக்கூட வேண்டாம். அம்மா இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்.

பிரச்சினை மூன்றாவது நாள். ஹாலில் இருந்தவரை நன்றாக அடித்தது. அம்மா ரூமுக்கு மாற்றி, பூஜை அலமாரிக்குப் பக்கத்து மூலையில் வைத்தோம், ஊமையாகிவிட்டது. முள் ஓடுகிறது, மணி இல்லை. பேட்டரி மாற்றினேன், ஒயரை ஆட்டிப் பார்த்தேன், ஸ்பீக்கரைக் கழற்றி மாட்டினேன். ஹாலுக்குக் கொண்டுவந்தால் அடிக்கும், ரூமில் வைத்தால் அடிக்காது. விற்பனையாளருக்கு எழுதினால் இரண்டு நாள் கழித்து ஒரு பதில் வரும், அதுவும் "பேட்டரியைச் சரிபார்க்கவும்". கடைசியில் முழுவதையும் என் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். ஐந்து வாரம் ஒட்டிய கோபுரத்தை எந்தப் பெட்டியில் வைத்து அனுப்புவது? பதினோராவது நாள் சாயங்காலம், மகள் பின்கதவைத் திறந்து செல்போன் டார்ச்சை உள்ளே அடித்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆறேகாலுக்கு டிங் டாங் என்று அடித்தது. டார்ச்சை அணைத்துவிட்டு ஆறரைக்குக் காத்திருந்தோம், அடிக்கவில்லை. அடுத்த தடவை டார்ச் போட்டு வைத்தோம், முக்கால் அடித்தது.

விஷயம் இதுதான். போர்டில் மிளகு அளவுக்கு ஒரு வெளிச்ச சென்சார் இருக்கிறது, எல்.டி.ஆர். என்பார்கள். இருட்டினால் மணியை நிறுத்திவிடும், ராத்திரி தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று வைத்தது. நல்ல எண்ணம்தான், நிறைய மணிக்கடிகாரங்களில் உண்டு. ஆனால் அதை நிறுத்த ஒரு சுவிட்சும் வைக்காமல், கோபுரத்துக்கு உள்ளே ஜன்னல் தாளுக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், கொஞ்சம் நிழலான இடமாக இருந்தால் பட்டப்பகலிலேயே இருட்டு என்று முடிவு செய்துவிடுகிறது. கொசுவுக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி வைத்திருக்கிற ரூம், அதுவும் அங்கே இருப்பவருக்கு லைட் போட வேண்டிய தேவையே இல்லை. யாருக்கு மணியோசை முதலில் வேண்டுமோ அவர் ரூமில்தான் இது அடிக்காது. இதை நினைத்து எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இரண்டு ரூபாய் சுவிட்ச் ஒன்று வைத்திருந்தால் போதும்.

சரி செய்தது இப்படி: அந்த சென்சாரின் இரண்டு காலையும் சேர்த்து ஒரு துளி ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். என் போர்டில் அப்புறம் எப்போதும் வெளிச்சம் இருப்பதாகவே அது எடுத்துக்கொண்டது, 24 மணி நேரமும் அடிக்கிறது. எனக்குப் பற்றவைப்பதே தொழில், ஒரு நிமிஷ வேலை. பழக்கமில்லாதவர்கள் செல்போன் ரிப்பேர் கடையில் கொடுத்தால் செய்து கொடுப்பார்கள், பேட்டரியை எடுத்துவிட்டுக் கொண்டுபோங்கள். வாரன்டி போய்விடும், அந்த வாரன்டி எந்த அளவுக்கு உதவியது என்று மேலே சொல்லிவிட்டேன். ராத்திரிக்குச் சத்தம் அதிகம் என்றால் ஸ்பீக்கர் மேல் ஒரு துணி ஒட்டுங்கள், நாங்கள் பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக ஒட்டியிருக்கிறோம், பக்கத்து ரூமுக்குக் கேட்காது, அம்மாவுக்குக் கேட்கும்.

இன்னொரு சின்ன விஷயம், முள் ஓடுகிற மெஷினும் மணியடிக்கிற போர்டும் தனித்தனி. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. என்னுடையதில் மாதத்துக்கு ஒன்றரை நிமிஷம் மணி முந்திக்கொள்கிறது. மாதம் பிறந்தால் ஒன்றாம் தேதி சரி செய்துவிடுகிறேன்.

ஏற்காட்டுக்காரர்கள் கவனிக்கவும். என் மச்சான் அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார், எங்கள் வீட்டில் பார்த்துவிட்டு அவரும் ஒன்று வாங்கினார். மலை மேல் மழை மாதத்தில் பனியும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே வரும், எம்.டி.எஃப் என்பது மர நாரைப் பசை போட்டு அழுத்தியது, ஈரத்தைக் குடித்தால் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். அவருடைய அடிப்பலகை ஒரே மாதத்தில் உப்பி, கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஒட்டுவதற்கு முன்னாலேயே எல்லாத் துண்டுக்கும், முக்கியமாக வெட்டிய ஓரங்களுக்கு, இரண்டு கை வார்னிஷ் அடித்துக் காயவைத்துவிடுங்கள். சேலத்து வெயிலுக்கு அடிப்பலகைக்கு மட்டும் அடித்தால் போதும்.

பெட்டியோடு வருகிற தாளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உயரம் எழுதியிருக்கிறார்கள், 1869இல் அடிக்கல், 1878இல் முடிந்தது என்று எழுதியிருக்கிறார்கள், 2018இல் யுனெஸ்கோ பட்டியலில் அந்த வட்டாரத்துக் கட்டடங்களோடு சேர்ந்ததையும் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ராஜாபாய் யார் என்று ஒரு வரி இல்லை. பிரேம்சந்த் ராய்சந்த் பெயர் இல்லை. அமெரிக்காவில் 1861இல் உள்நாட்டுப் போர் மூண்டு அங்கிருந்து பருத்தி வருவது நின்றதும், இங்கிலாந்து மில்காரர்கள் பம்பாய்ப் பருத்திக்கு அலைந்தார்கள், அந்த ஏற்றத்தில் பணம் பார்த்தவர் அவர். 1864இல் நூலகத்துக்கு 2 லட்சம், கோபுரத்துக்கு இன்னொரு 2 லட்சம் கொடுத்தார். மறுவருஷமே போர் முடிந்து பருத்தி விலை சரிந்தது, பம்பாயே ஆட்டம் கண்டது, அவரும் பெரிய நஷ்டத்தில் விழுந்தார். கோபுரத்துக்கு அடிக்கல் நாட்டியது அதற்கெல்லாம் பிறகு. வெள்ளி விலை ஏறி இறங்குவதைத் தினமும் பார்க்கிற எங்கள் தெருக்காரர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும், கை நிறைய இருந்தபோதே அம்மா பேரில் கொடுத்துவிட்டார், ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருந்தால் அந்த மணி இல்லை. இதையெல்லாம் அரைப் பக்கத்தில் எழுதி வைத்தால் வாங்குகிற பிள்ளைகள் படிப்பார்கள். மகள் தமிழில் ஒரு சின்ன அட்டை எழுதி எங்கள் மாடலின் அடியில் ஒட்டியிருக்கிறாள்.

யார் வாங்கலாம் என்றால், பத்து வயதுக்கு மேல் பிள்ளைகள் இருக்கிற, கூட உட்கார்ந்து ஒட்ட ஒரு பெரியவருக்கும் நேரம் இருக்கிற வீடு. ஒரே நாளில் முடித்துப் பரிசாகக் கொடுக்கலாம் என்று நினைத்தால் வேண்டாம். வெறும் அலங்காரத்துக்கு என்றால் இந்த விலைக்கு யோசிக்கலாம். வீட்டில் பார்வை மங்கிய பெரியவர்கள் இருந்தால், சென்சாரைச் சரி செய்கிற தைரியமும் இருந்தால், தாராளமாக வாங்குங்கள். பேசுகிற கடிகாரம் கடையில் கிடைக்கிறது, அதையும் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்திருந்தோம், பட்டனைத் தேடி அமுக்க வேண்டும், அமுக்கினால் ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொல்லும். மூன்று நாளில் அதை அலமாரிக்குள் வைத்துவிட்டார்.

இந்த மூன்று மாதத்தில் அம்மா மணி கேட்டது நின்றுவிட்டது. இப்போது அவர்தான் எங்களுக்குச் சொல்கிறார். பட்டறையில் ஊதுகுழலும் பாலிஷ் மெஷினும் ஓடுகிற சத்தத்தில் எங்களுக்கு எதுவும் கேட்காது, உள்ளேயிருந்து "ஒன்றே முக்கால் ஆச்சு, சாப்பிட வாங்க" என்று குரல் வரும். மாத்திரை எட்டு மணிக்கு, அதை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார். போன வாரம் ராத்திரி இரண்டரைக்கு எழுந்தவர் என்னை எழுப்பவில்லை, எட்டுச் சுரம் அடித்தது, விடிய நேரம் இருக்கிறது என்று திரும்பப் படுத்துவிட்டேன் என்று காலையில் சொன்னார்.

பேட்டரி நாலு மாதம் வரும் என்று போட்டிருக்கிறார்கள். போர்டுக்கு மூன்று சின்ன பேட்டரி, முள்ளுக்கு ஒன்று. மாற்றும்போது போர்டு நேரத்தை மறந்துவிடும், முழு மணி ஆகிற சமயம் பார்த்து மாற்றி, பட்டனை அழுத்தி, பதினாறு சுரமும் அதற்குப் பிறகு வருகிற அடியும் சரியாக இருக்கிறதா என்று கூட உட்கார்ந்து எண்ணிவிட்டுப் பின்கதவைச் சாத்துங்கள். எங்கள் வீட்டில் எண்ணுவது அம்மா.